வெள்ளச்சியின் விரதம்

— காதைத் தொடைச்சிராதீங்க டாக்டரம்மா. அது சந்தனம். பழனியாண்டவன் போட்டுவிட்ட சந்தனம்.

— ஏற்கெனவே தொடைச்சுப் பாத்துட்டேன் சாமி. பஞ்சுல ஒண்ணும் ஒட்டல. இது மேல பூசுனது இல்ல, தோலுக்கு உள்ள இருந்து வர்ற மஞ்சள்.

— அதைத்தானே நானும் சொல்றேன், கேட்டுக்கங்க. மனுசன் பூசியிருந்தா மேலோட நிக்கும். அவன் பூசுனதுனால உள்ள இருந்து வருது.

— ஏங்க, நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நிக்கிறீகளா? தாயி பாக்கட்டும்.

— கந்தம்மா, மாலை போட்டவனை ஏங்க கீங்கன்னு கூப்பிடாதன்னு எத்தனை தடவை சொல்றது. சாமின்னு கூப்பிடு.

— சாமி, வாயை மூடுங்க சாமி.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. அக்கா, நீங்க தலையைப் பிடிச்சுக்கங்க. பேரு என்ன இந்தப் பூனைக்கு?

— வெள்ளச்சி, தாயி. கிளாவரை ஊர்ல இருந்து கொண்டாறோம். வெள்ளனே ஜீப்பு ஏறினோம், வழி பூரா மடியிலேயே கெடந்துச்சு. ஒரு சத்தம் இல்ல. முன்னெல்லாம் கூடையில போட்டாலே ஊரைக் கூட்டும்.

— வாயைத் திறந்து பாத்தீங்களா? ஈறும் மஞ்சள், கண்ணு வெள்ளையும் மஞ்சள். சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு?

— அது விரதத்துல இருக்கு டாக்டரம்மா.

— யாரு?

— வெள்ளச்சிதான். வர்ற பங்குனி உத்திரத்துக்கு நான் மாலை போட்டு ரெண்டு வாரமாச்சு, கேட்டுக்கங்க, நான்தான் எங்க ஊரு பாதயாத்திரைக் குழுவுக்குக் குருசாமி. குமாரவேல் குருசாமின்னா பழனி வரைக்கும் மடத்துக்கு மடம் தெரியும். நான் கறி மீனை விட்ட அன்னைக்கே இதுவும் விட்டுருச்சு. தட்டுல தயிர்சோறு வச்சா மோந்து பாக்கும், திரும்பிக்கிரும். பஞ்சாமிர்தம் வச்சேன். அதையும் தொடல. விளக்குக்கு முன்னாடி போயி கண்ணை மூடிப் படுத்துக்கிரும். பஜனை முடியிற வரைக்கும் அசையாது.

— பூனை நாக்குக்கு இனிப்புன்னா என்னன்னே தெரியாது சாமி. பஞ்சாமிர்தமும் அதுக்கு ஒண்ணுதான், களிமண்ணும் ஒண்ணுதான். அக்கா, நீங்க சொல்லுங்க. முன்னாடி என்ன குடுத்தீங்க?

— அது என்ன திங்கல தாயி! கருவாடு, மீன் தலை, பாலு. பரண்ல புகை போட்டுப் பூண்டு தொங்க விட்டிருப்போம், அங்க வர்ற எலி பூராவும் இது பங்குதான். கொழுகொழுன்னு தலகாணி மாதிரி இருக்கும். இப்பப் பாருங்க, தோலு தனியா ஆடுது.

— எலி இருக்குமே, விரத நாள்லயும்?

— எலிக்கு எங்க விட்டாரு? ரத்த வாயோட வந்தா வீடு தீட்டாகிரும்னு பூசை ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டாரு சாமி.

— சாத்தாம? விளக்கு எரியிற வீடு அது. தெனம் சாயங்காலம் முப்பது நாப்பது பேரு வந்து உக்காருற எடம். டாக்டரம்மா, ஊரே இதைக் கையெடுத்துக் கும்பிடுது. குழுவுல ஃப்ளெக்ஸ் அடிச்சு பஸ் நிக்கிற எடத்துல வச்சிருக்காங்க. அதுல என் படம் சிறுசு, இது படம் பெருசு. நான் ஒண்ணும் வருத்தப்படல. பெருமையாத்தான் இருந்துச்சு. பழனி மலையில எத்தனையோ பேரு மாலை போடுறான், எவன் வீட்டுல பூனை விரதமிருக்கு?

— கழுத்துல இந்தக் கொட்டை?

— ருத்திராட்சம். நான்தான் கட்டினேன்.

— வேணாம், பூனைக்கு அதைக் கட்டினா ஊர்ல வேற மாதிரி பேசுவாங்கன்னேன். கேட்டாத்தானே.

— அதை முதல்ல கழட்டுங்க அக்கா. வயித்துல கொஞ்சம் முடி மழிச்சு ஸ்கேன் வைக்கப் போறேன்... இந்தா, இந்தத் திரையைப் பாருங்க. இதெல்லாம் ஈரல். விலா எலும்புக்கு உள்ள அடங்கி இருக்க வேண்டியது, வெளிய இறங்கி வந்து கெடக்கு. பாருங்க, மொத்தமும் வெள்ளையா மினுங்குது.

— அதும் சந்தனமாத்தான் இருக்கும்.

— ஏங்க! உங்க கண்ணு மஞ்சளாக் கெடந்தப்ப எவனாச்சும் வந்து சந்தனம்னு விழுந்து கும்பிட்டானா?

— கந்தம்மா, அந்தப் பேச்சு இங்க எதுக்கு?

— எதுக்கா? மஞ்சள்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இது வாயில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு நிக்கிறீகளேன்னுதான்.

— ஒரு நிமிஷம் அக்கா, அப்புறம். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. ஈரல் இப்படி வீங்கி, உடம்பு மஞ்சளானா, இந்த வயசுப் பூனைக்கு நான் முக்கியமா ரெண்டு விஷயத்தைத்தான் பயப்படுவேன். ஒண்ணு, புத்துநோய். பித்தம் ஓடுற குழாய்ல ஆரம்பிக்கும், இல்ல ஈரல் பூராவும் பரவி இருக்கும். அப்படின்னா என்னால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. வலி தெரியாம வச்சுக்கலாம், அவ்வளவுதான். இன்னொண்ணு, பட்டினியில ஈரலுக்குள்ள கொழுப்பு போயி அடைச்சுக்கிறது. அதுக்கு வழி இருக்கு. ரெண்டும் ஸ்கேன்ல கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான் தெரியும்.

— டாக்டரம்மா, ஒண்ணு கேக்குறேன், கேட்டுக்கங்க. அந்தப் புத்துநோய், அது யாராலயாவது வருமா? நாம ஏதாச்சும் குடுத்து, குடுக்காம...

— இல்ல சாமி. வயசான பூனைக்கு வரும். ஏன்னு பல நேரம் எங்களுக்கே தெரியாது. அதுல யாரு தப்பும் இல்ல.

— அப்ப அதுவாத்தான் இருக்கும்.

— என்ன சொன்னீக?

— அதுவா இருந்தா நல்லதுன்னு சொல்லல கந்தம்மா. அதுவா இருக்கும்னு சொன்னேன்.

— நல்லதுன்னுதான் சொன்னீக. நீங்க சொன்னதும் கேட்டுச்சு, சொல்லாததும் கேட்டுச்சு. புத்து வந்து செத்தா, சாமிக்கு விரதமிருந்து உசுர விட்டுச்சும்பீக. உங்க குழுவோட வந்து கீழ உக்காந்திருக்கானே ஞானவேலு, அவன் ஊரு எல்லையில இதுக்குச் சமாதி மேடை கட்டணும்னு செங்கலுக்கே சொல்லி வச்சுட்டான். உசுரோட இருக்கையிலேயே செங்கலு! மத்ததா இருந்தா நாமதான் கொன்னோம்னு ஆகும். அதுக்குத்தானே பயப்படுறீக?

— டாக்டரம்மா, நீங்க உங்க சோலியைப் பாருங்க. இவ பேசிக்கிட்டே இருப்பா.

— சோலியைத்தான் பாக்குறேன் சாமி. மெல்லிசா ஒரு ஊசியை ஈரலுக்குள்ள விட்டு, ரெண்டு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டுல தேய்க்கணும். மைக்ரோஸ்கோப்புல செல்லைப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும். பயப்படாதீங்க, ரத்தம் உறையுறதுக்கு வந்தவுடனே மருந்து போட்டுட்டேன். இந்த மலையில பூனை ஈரலுக்கு ஊசி விட்டு எடுக்கிறது நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். அக்கா, அசையாமப் பிடிங்க... ம்... வெள்ளச்சி, செல்லம், ஒரு நிமிஷம்... அவ்வளவுதான். முடிஞ்சுது.

— முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? கத்தக்கூட இல்லையே தாயி.

— கத்தத் தெம்பு இல்லக்கா அதுக்கு. இருங்க, சாயம் போட்டுக் காயணும்.

— டாக்டரம்மா, செல்லுன்னா என்னது?

— ஈரல்ங்கிறது ஒரே துண்டு இல்ல சாமி. கோடிக்கணக்குல சின்னச் சின்ன அறைங்க ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு அறையும் ஒரு செல்லு. நடுவுல கறுப்பா ஒரு புள்ளி, அதைக் கருன்னு சொல்லுவோம். அதுதான் அந்த அறைக்கு எஜமான்.

— பூண்டு மாதிரி, பல்லு பல்லா.

— அப்படியே வச்சுக்கங்க அக்கா. நல்ல ஈரல்னா எல்லாப் பல்லும் ஒரே அளவு, வரிசையா நிக்கும். புத்துன்னா ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. கரு கறுத்து வீங்கி, ரெண்டு மூணாப் பிரிஞ்சு, ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கும். ஒருத்தன் பேச்சை ஒருத்தன் கேக்காத வீடு மாதிரி.

— எங்க வீடுதான்.

— கந்தம்மா!

— ஷ்... பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு நிமிஷம்... இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்குறேன்... அக்கா, இங்க வாங்க. ஒரு கண்ணை மூடிக்கிட்டு இதுல பாருங்க.

— நானா? எனக்கு என்ன தெரியும் தாயி.

— கண்ணு தெரியும்ல? சும்மா பாருங்க. என்ன தெரியுது?

— ஆத்தாடி... நுரை. துணி சோப்புப் போட்டுக் கலக்குனா வருமே, அந்த நுரை. உருண்டை உருண்டையா, கண்ணாடி கணக்கா. அந்தக் கறுப்புப் புள்ளி ஓரத்துல ஒண்டிக்கிட்டு நிக்குது.

— அந்த உருண்டை பூராவும் கொழுப்புக்கா. அறை நெறைஞ்சு போயி எஜமானை மூலையில தள்ளிருச்சு. ஆனா பாத்தீங்களா, கரு ஒவ்வொண்ணும் சிறுசா, ஒழுங்கா இருக்கு. நான் முழுக்கத் தேடிட்டேன். புத்து இல்ல. மதுரைக்கும் ஒரு கண்ணாடி அனுப்பிக் கேப்பேன், ஆனா நான் சொல்றேன், இது பட்டினி ஈரல்.

— அப்ப பொழைக்குமா தாயி?

— பொழைக்க வழி இருக்கு.

— முருகா! பழனியாண்டவா! ஏங்க, கேட்டீகளா? பொழைக்குமாம்! ...ஏங்க? ஏன் அப்படி நிக்கிறீக?

— எப்படி டாக்டரம்மா?

— என்ன சாமி?

— விரதம் இருந்தா எப்படி ஈரல் கெடும்னு கேக்குறேன். கேட்டுக்கங்க, நாலு வருசத்துக்கு முந்தி நீங்க என்னைப் பாத்திருந்தீங்கன்னா தெருவுல கெடக்குற நாயின்னு தாண்டிப் போயிருப்பீங்க. பூண்டு மூட்டை தூக்குன கூலி பூராவும் சாராயம். கண்ணு மஞ்சள், வயிறு பானை மாதிரி. கீழ ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரு கந்தம்மாவைத் தனியாக் கூப்பிட்டு, ஈரல் போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னுட்டாரு. மாலையைப் போட்டேன். ஒரு வேளைச் சோறு, கறியைத் தொடல, சாராயத்தை மோந்துகூடப் பாக்கல. ஈரல் திரும்பி வந்துச்சு டாக்டரம்மா! அதே டாக்டரு ஸ்கேனைப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு. அந்த விரதம் என் ஈரலைக் காப்பாத்துச்சு. அதே விரதம் இது ஈரலைத் திங்குமா?

— உங்க ஈரலைக் காப்பாத்துனது நீங்க விட்ட சாராயம் சாமி. இது ஈரலைக் கெடுத்தது இது விட்ட மீனு. உங்க ஈரல் வேற, இது ஈரல் வேற.

— ஈரல்ல என்ன வேற?

— நாம பட்டினி கெடந்தா உடம்பு அடுப்பைக் குறைச்சு வச்சுக்கிரும். சிம்ல எரியும். பூனையோட ஈரல் அடுப்புக்குத் திருகு கிடையாது. கறியை எரிக்கிறதுக்குன்னே பொறந்த ஈரல் அது, எப்பவும் முழுசா எரியும். கறி வரலைன்னா உடம்புல இருக்கிற கொழுப்பை எல்லாம் உருக்கி ஈரலுக்கு அனுப்பும். குண்டுப் பூனையா இருந்தா ரொம்ப மோசம். இப்ப, கிளாவரையில இருந்து கேரட்டு மூட்டை மூட்டையா மார்க்கெட்டுல வந்து இறங்குது, வத்தலக்குண்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஒரு லாரியும் வரலைன்னு வைங்க. என்ன ஆகும்?

— அடைச்சுக்கிட்டு அழுகும்.

— அதான். ஈரல்ல இருந்து கொழுப்பை ஏத்தி வெளிய அனுப்புற லாரி, கறியில இருந்தும் மீன்ல இருந்தும்தான் வரும். நீங்க லாரியை நிறுத்திட்டீங்க சாமி. தெரியாமத்தான். ஆனா நிறுத்திட்டீங்க. நான் உங்களைக் குத்தம் சொல்லல. வழியைச் சொல்றேன். கழுத்துல சின்னதா ஒரு குழாய் வச்சு விடுறேன். மீனை வேகவச்சு, முள்ளெடுத்து, மையா அரைச்சு, அதுல ஊத்தணும். முதல்ல கொஞ்சம் கொஞ்சமா, அப்புறம் கூட்டிக்கலாம். சாயங்காலம் வரைக்கும் இங்க என்கிட்ட இருக்கட்டும், பாத்துக்கிறேன். அதுக்கப்புறம் வீட்லதான். ஆறேழு வாரம் ஆகும் அது தானா வாயை வைக்கிறதுக்கு.

— ஆறேழு வாரமா? உத்திரம் அதுக்குள்ள வந்துருமே டாக்டரம்மா. கொடி, காவடி எல்லாம் என் வீட்ல இருந்துதான் கெளம்பும். அந்த வீட்ல மீனா?

— தாயி, அது வரைக்கும் உங்க வீட்லயே வச்சுக்கிற முடியாதா? உங்க வீட்ல மீனு ஆக்குவாங்கள்ல?

— எங்க வீட்லயா? தவக்காலம் அக்கா! எங்கம்மா ஈஸ்டர் வரைக்கும் முட்டையைக் கூட உடைக்க விடாது. கருவாட்டுப் பானையையே துணி போட்டுக் கட்டி வச்சிருக்கு. நேத்து பக்கத்து வீட்ல மீன் பொரிச்சாங்கன்னு ஜன்னலைச் சாத்திட்டு ஜெபமாலை சொல்லிச்சு.

— நல்லாப் போச்சு. இந்த மலையில ஒரு பூனைக்கு மீனு குடுக்க ஒரு வீடு இல்ல. எல்லாரும் சாமியாரு.

— சிரிக்காதீங்க அக்கா, எனக்கும் சிரிப்பு வருது. இன்னைக்கே ஆரம்பிக்கணும், அதை மறந்துராதீங்க. பாக்கெட்ல வர்ற தீனி தீந்துபோச்சு, மதுரையில இருந்து எப்ப வரும்னு தெரியல. நாளைக்கு நாளான்னைக்குன்னு தள்ளுனீங்கன்னா இந்த ஈரல் தாங்காது.

— சரி தாயி, நான் ஒண்ணு சொல்றேன். வீட்டுக்குப் பின்னாடி மாட்டுக் கொட்டம் இருக்கு. நான் அங்க வச்சு ஆக்கி அரைச்சு ஊத்திக்கிறேன். கேட்டா டாக்டரு குடுத்த மருந்துன்னு சொல்லிக்கலாம். வெள்ளச்சி விரதத்தோடயே இருக்குன்னு ஊரு நெனைச்சிட்டுப் போகட்டும். இவரு மானமும் போகாது, அது உசுரும் போகாது.

— மருந்துன்னு சொல்றது பொய்யும் இல்ல சாமி. இப்ப அதுக்கு மீனுதான் மருந்து.

— மாட்டுக் கொட்டமா.

— ஆமா, மாட்டுக் கொட்டம். ஏன், அதுக்கு என்ன?

— ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

— நான் என்ன சொல்றது? அது யாருன்னு நெனைச்சுப் பாருங்க. குடியை விட்டப்ப உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சே, கை நடுங்கி ஒரு டம்ளரு தண்ணி பிடிக்க முடியாமக் கெடந்தீகளே, அப்ப உங்க அண்ணன் தம்பி எவன் வாசப்படி மிதிச்சான்? இதுதானே நெஞ்சுமேல ஏறிப் படுத்து உர்ருஉர்ருன்னு கெடந்துச்சு. அந்தச் சத்தத்துலதான் தூக்கம் வருதுன்னீக.

— எனக்கு நல்லது பண்ணுச்சுன்னுதான்டி நானும் இதுக்கு நல்லது பண்ண நெனைச்சேன். என்னைக் காப்பாத்துனது இதையும் காப்பாத்தும்னு. வேற எனக்கு என்ன தெரியும்? நான் குடிகாரக் குமாரா இருந்தப்ப எவனும் என்னைத் திரும்பிப் பாக்கல. இப்ப நான் ரோட்டுல நடந்தா சாமி சரணம்னு ஒதுங்கி நிக்கிறான். இந்தப் பூனையால இன்னும் நாலு ஊருக்காரன் வந்தான். சாமி வீட்டுப் பூனைன்னு. கண்ணு மஞ்சளானது எனக்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சுச்சு. சந்தனம்னு ஞானவேலு சொன்னவுடனே, அப்படியே இருந்துட்டாத் தேவலையேன்னு பிடிச்சுக்கிட்டேன்.

— அழாதீக. மாலை போட்டவுக அழக்கூடாது.

— யாரு அழுதா?

— சரி, அழல. இங்க பாருங்க, நான் ஒண்ணு கேக்குறேன். பழனியாண்டவன் மயிலு மேலதானே ஏறி வாறாரு?

— ஆமா.

— மயிலு என்ன திங்கும்? நம்ம கொல்லையில வந்து என்ன பொறுக்குது? புழுவு, ஓணான், பாம்புக்குட்டி. அதுக்கு யாரு மாலை போட்டது? அதைத் தின்னுட்டு வந்து நில்லு, நான் ஏறிக்கிறேன்னுதானே அவரு இருக்காரு. ஒரு நாளாச்சும் தயிர்சோறு தின்னாத்தான் ஏறுவேன்னு சொன்னாரா?

— சாமி, அக்கா சொல்றது எனக்கே நல்லாருக்கு. நான் உங்க மதமில்ல, அதனால நான் ஒண்ணும் சொல்லல.

— டாக்டரம்மா.

— சொல்லுங்க சாமி.

— அந்தக் குழாயை வைங்க.

— வைக்கிறேன். மீனு?

— மாட்டுக் கொட்டத்துல வேணாம். கேட்டுக்கங்க, நான் குடிச்ச காலத்துல பாட்டிலை ஒளிச்சு வச்சது அங்கதான். வைக்கோலுக்கு அடியில. மொத மொத மாலை போட்ட அன்னைக்கு அந்தக் கொட்டத்தைக் கூட்டிக் கழுவி, இனி என் வீட்ல ஒளிச்சு வைக்கிற சோலியே கெடையாதுன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தேன். கறி திங்கலங்கிறதுல எனக்குப் பெருமை இல்ல டாக்டரம்மா, அது எவனும் செய்வான். ஒளிக்கலங்கிறதுதான் என் பெருமை. அந்தப் பெருமையை இந்தப் பூனைக்காகக்கூட நான் விடமாட்டேன்.

— அப்ப என்னங்க, சாகட்டுங்கிறீகளா?

— சாமின்னு கூப்பிடு. அந்த ரோட்டு ஜன்னலைத் திற.

— வேணாங்க. குழு பூராவும் கீழதான் நிக்குது. எதையாச்சும் கத்திராதீக.

— சாமி, ஒரு நிமிஷம், மாலையைக் கழட்டப் போறீங்களா?

— எதுக்கு டாக்டரம்மா கழட்டணும்? விரதம் எனக்கு, அதுக்கு இல்ல. கந்தம்மா, தள்ளு... ஏலே ஞானவேலு! இங்க மேல பாரு! மார்க்கெட்டுக்கு வெரசா ஓடி நல்ல மீனாப் பாத்து வாங்கியா! மாலை போட்டிருக்கியே, யாருக்கு மீனுன்னு எவனாச்சும் கேட்டா, குமாரவேல் குருசாமி வீட்டு உலையில கொதிக்கப் போற மீனுன்னு நடுக்கடையில நின்னு சத்தமாச் சொல்லு!